வாகைக்குள் இரும்பு

யூனிட்டின் ஷட்டரைத் தூக்கியதும் மயில்சாமி வேறெதையும் தொடமாட்டார். நேரே செக்கிங் மேசைக்குப் போவார். இழுப்பறையைத் திறந்து, இஸ்திரிப் பெட்டியைச் சிறிதாக்கியது போன்ற ஊசி டிடெக்டரை எடுப்பார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை உருவி மேசைமேல் வைத்து, அதன் முதுகில் கருவியை மெல்ல நகர்த்துவார். கடுகினும் சிறிய இரும்பு மணி ஒன்று அந்த அட்டைக்குள் புதைந்திருக்கிறது. அந்த இடம் வந்ததும் கருவி கத்த வேண்டும். கத்திய பிறகுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி, மெஷின்களுக்கு மின்சாரம், தனக்கு முதல் டீ. பிறந்து சில மாதமே ஆன குழந்தைகளுக்கான சட்டைகளைத் தைத்து அனுப்பும் யூனிட் அது. ஓடுகிற மெஷினில் ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டுகளையெல்லாம் தேடிப் பொறுக்கிப் பொருத்திக் காட்டினால்தான் டெய்லருக்குப் புது ஊசி கிடைக்கும். அப்படியும் கண்ணுக்குத் தப்பும் துணுக்கு ஏதேனும் துணிக்குள் இருந்துவிட்டால், அதைச் சொல்ல அந்தக் கருவி ஒன்றுதான் இருந்தது. கடல் கடந்து எங்கோ ஒரு தொட்டிலில், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு குழந்தை காரணம் சொல்லத் தெரியாமல் வீறிட்டு அழுவதாக மயில்சாமிக்கு அவ்வப்போது கனவு வரும். அந்தக் கனவின் பயத்தில் உருவான பழக்கம் அது. ஆண்டுக்கணக்கில் ஒருநாளும் தவறியதில்லை.

சோதித்த கருவியைச் செக்கிங் பார்க்கும் சீனியம்மாளிடம் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் தினமும் கேட்பது ஒரே கேள்விதான்.

“கத்துச்சா மொதலாளி?”

“கத்துச்சும்மா.”

“அப்ப சரி.” இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்வாள். அந்த இரண்டு வார்த்தை நடந்தேறினால்தான் யூனிட்டுக்குப் பொழுது விடிந்ததாகப் பொருள்.

மழை பொய்த்துக்கொண்டே போன காலம் அது. குன்னத்தூருக்கு மேற்கே மயில்சாமிக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஆழ்குழாய்க் கிணற்றை இன்னும் ஆழப்படுத்திப் பார்த்தார்; காற்றுதான் வந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்து, பிறகு தலையே இல்லாமல், நட்டுவைத்த கம்பங்களைப் போல நின்றன. அந்தக் காட்சியைப் பார்க்க மனம் வராமல் பல மாதங்களாக அவர் தோப்புப் பக்கமே போகவில்லை. விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தார். அப்போதுதான் வெள்ளகோவில் பக்கம் மரம் அறுக்கும் மில் ஒன்று தோப்புத் தோப்பாகச் சுற்றிவருகிறது என்று கேள்விப்பட்டார். மரம் மில்லுக்குப் போக வேண்டியதில்லையாம். மில்லே மரத்தைத் தேடி வருமாம்.

வந்தது. பழைய ஜீப் ஒன்றின் பின்னால், இரண்டு சக்கரம் வைத்த நீண்ட இரும்புச் சட்டமாக வந்தது. ஓட்டிவந்தவன் ராபின், மார்த்தாண்டத்துக்காரன். கோவையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்த மில் என்றான். இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் நடுவே மரத்தை உருட்டிப் படுக்கவைத்துக் கொக்கிகளால் இறுக்க வேண்டும். தண்டவாளத்தின்மேல் டீசல் எஞ்சினைச் சுமந்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் இரு சக்கரங்களைச் சுற்றி, நாடா போன்ற ரம்ப பிளேடு ஓடும். பிளேடு சூடாகாமலிருக்க மேலே ஒரு கேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். மரம் அசையாமல் கிடக்க, மில்தான் அதன்மேல் நகர்ந்து போகும். மயில்சாமி வேலி ஓரமாக நின்று முதல் மரம் பலகையாவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு யூனிட்டுக்குப் போவதாகத்தான் இருந்தார்.

“அண்ணாச்சி, ஒரு தடவ தள்ளிப் பாக்கியளா?” என்றான் ராபின்.

“எனக்கெதுக்கப்பா அது? நான் துணி வெட்டறவன்.”

“இதும் வெட்டுகதுதான். வாருங்கோ. கைய மட்டும் இந்தக் கோட்டத் தாண்டிக் கொண்டு போகாதுங்கோ, கேட்டியளா. போனா திரும்பி வராது.”

மயில்சாமி முதலாளியாவதற்கு முன் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அடுக்கிய துணியைக் கத்திக்குள் செலுத்தும்போது எங்கே தயங்க வேண்டும், எங்கே தயங்கக் கூடாது என்பது அவருடைய கைகளுக்குத் தெரியும். ஆயினும் கூண்டின் பிடியை ஒருமுறை விட்டு மறுபடி பற்றினார். தள்ளினார். முதலில் எதுவும் நிகழாதது போலிருந்தது. பிறகு பிளேடு மரத்தைத் தொட்டது. எஞ்சினின் குரல் தாழ்ந்தது. மரத்தின் மறுப்பு இரும்பின் வழியாக ஏறி அவருடைய முழங்கைக்கு வந்து சேர்ந்தது. அந்த மறுப்பின் அளவுக்கே அழுத்த வேண்டும், அதற்கு மேல் கூடாது என்று கை தானாகக் கண்டுகொண்டது. தூள் ஈரத்தோடு தெறித்து முகத்தில் அப்பியது. கூண்டு மறுமுனை சேர்ந்ததும் ராபின் மேற்பலகையைப் புரட்டி நகர்த்தினான். செத்துப்போனது என்று அவர் கைவிட்டிருந்த மரத்துக்குள், செம்பழுப்பில் கருஞ்சிறு கோடுகள் மழைத்தாரை போல நெடுகிலும் ஓடிக்கிடந்தன. மயில்சாமி அதைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த பலகையையும் தாமே தள்ளினார். அதற்கடுத்ததையும். வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கு, திறக்கப்படாமலே வேலிக்கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

தென்னைகள் தீர்ந்தபோது ராபின் காங்கேயத்துக்குக் கிளம்பத் தயாரானான். மயில்சாமி விடவில்லை. பக்கத்துக் காடுகளில் காய்ந்து நின்ற வேம்பையும் பூவரசையும் விலைபேசி வாங்கி வந்து போட்டார். அறுத்த பலகைகளை, காற்றுப் புக இடையிடையே மெல்லிய மரக்கட்டைகள் கொடுத்து, கொட்டகையில் அடுக்கினார். எதற்காக என்று அவரிடம் கேட்டவர்களுக்குக் கதவு, கட்டில், பேக்கிங் பெட்டி என்று ஆளுக்கொரு பதில் கிடைத்தது. உண்மையான காரணம் அவருக்கே பிற்பாடுதான் புரிந்தது. பின்னலாடைத் தொழிலில் அவர் வாழ்நாளெல்லாம் பாடுபட்டது ஒன்று மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு சட்டையின் சாயம் அடுத்ததைவிட ஒரு சாயல் தூக்கலாக இருந்தாலும் கழித்துக்கட்டுவார்கள். மரத்திலோ ஒரு பலகை அதற்கு அடுத்த பலகையைப் போலக்கூட இல்லை. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் எவரும் அதுவரை பார்த்திராத ஒன்றை முதல் ஆளாக அவர் பார்த்தார். அதில் குறை சொல்ல வருபவர் எவருமில்லை. இந்த விடுதலை அவருக்குப் பழக்கமில்லாதது. பழக்கமில்லாததனாலேயே அடங்காத பசியாயிற்று. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட விரல்கள் பிடியைத் தேடின.

வீட்டில் அவருடைய மனைவி இந்துமதி நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகளுக்குக் கதை சொல்வதாகச் சொல்லி ஆரம்பித்தாள்.

“ஒரு தூக்கணாங்குருவி இருந்துச்சாங்கண்ணு. அதாட்டக் கூடு பின்ன ஆளே இல்லியாம். ஒருநா மரங்கொத்தி மரத்தக் கொத்தறதப் பாத்துச்சாம். அந்த டொக்கு டொக்குங்கற சத்தம் அதுக்குப் புடிச்சுப்போச்சு.”

“அப்பறம்?”

“அப்பறமென்ன, அதும் போயிக் கொத்திப் பழகுச்சு. நல்லாவே கொத்துச்சாமா. சிலும்பு சிலும்பா உழுந்துச்சாம்.”

“அப்பக் கூடு?” என்றாள் மகள்.

“அதத்தான் குஞ்சுகளும் கேட்டுச்சாம்.”

மயில்சாமி சிரித்துவிட்டார். “முடிவு என்னன்னு சொல்லீரு.”

“முடிவக் குருவி வந்துதானுங்க சொல்லோணும். அது இன்னும் தோப்ப உட்டு வரலியே.” ரசக்கரண்டியை அவர் தட்டின்மேல் நீட்டிக்கொண்டே, “தலையில தூளு. துடைச்சுக்குங்க,” என்றாள்.

அவர் சிரித்தார்; ஆனால் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். ஆர்டர் பாதியில் நிற்கிறது என்று தெரியும். காலர் துணி வந்து சேரவில்லை என்று யூனிட்டிலிருந்து அழைத்திருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தில் செல்போன் அடித்தது கேட்கவில்லை. நாளையிலிருந்து காலையில் யூனிட், மாலையில் மட்டும் தோப்பு என்று தமக்குத்தாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை, புது வேம்பு வந்து இறங்கியிருப்பதாக ராபின் சொல்லி அனுப்பியதும் அந்தச் சட்டம் காலாவதியாயிற்று.

அந்த வேம்புதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. எஞ்சினை அணைத்துப் பார்த்தால், பிளேடின் பற்கள் ஒரு முழ நீளத்துக்கு மழுங்கிக் கிடந்தன. மரத்துக்குள் ஒரு கம்பி ஆணி.

“வேலியோரத்து மரம் பூராவும் வயித்துக்குள்ள எதையாவது முழுங்கி வச்சிருக்கும் அண்ணாச்சி,” என்றான் ராபின். “கம்பி கட்ட ஆணி, துணி காயப்போட ஆணி, போர்டு மாட்ட ஆணி. மரம் அத மூடிக்கிடும். வெளியப் பாத்தா ஒண்ணும் தெரியாது.”

துணிக்குள் ஒளிந்த ஊசியைத் தேடியே வாழ்ந்தவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தோன்றியது வேறெவருக்கும் தோன்றியிருக்காது. மறுநாள் காலை டிடெக்டர் தோப்புக்கு வந்தது. கிடத்தியிருந்த பூவரசின்மேல் அதை நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கத்தியது. கத்தியால் பட்டையைச் செதுக்கிப் பார்த்தால் துருப்பிடித்த ஆணித்தலை. மயில்சாமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“பிள்ளச் சட்டைக்கு உள்ளதக் கொண்டுவந்து மரத்துக்கு ஜாதகம் பாக்கியளே,” என்று ராபின் சிரித்தான்.

அதற்குப் பிறகு கருவிக்கு இரண்டு வேலையாயிற்று. மாலையில் தோப்புக்குப் போகும். காலையில் யூனிட்டுக்குத் திரும்பும். சோதனை அட்டை எப்போதும் போல அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கியவுடன் தோப்புக்கு ஓட வேண்டியிருந்ததால், கருவியை இழுப்பறையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு மாலை, ஈரமான மரத்தின்மேலிருந்து அது வழுக்கித் தண்டவாளத்தில் மோதி, சொட்டும் தண்ணீரின் கீழே விழுந்தது. எடுத்துத் துண்டால் துடைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ, அவர் பைக்கை உதைத்துக் கிளப்பும்போது சீனியம்மாள் வாசல்வரை வந்தாள்.

“மொதலாளி, இது ஒரு மாதிரியா இருக்கு. நேத்துலருந்து ஒரு சத்தமும் காணோம். நீங்க அட்டையில வச்சுப் பாத்தியளா?”

ஈஸ்வரமூர்த்தி என்ற விவசாயி ஒரு பெரிய வாகையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்திருந்தது. இறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். “பேட்டரியா இருக்கும்மா. மாத்திக்க,” என்றார்.

“அட்டையக் குடுத்தியன்னா நானே ஒருக்கா...”

பைக் நகர்ந்துவிட்டது. அட்டை அவர் நெஞ்சுக்கு நேரே சட்டைப்பையில் இருந்தது.

வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸிலிருந்து தரம் பார்க்க வரும் கவின், சில நாள் கழித்துப் பேக்கிங் மேசையில் ஒரு சட்டையைத் தனியே எடுத்து வைத்தான். அவர்களுடைய கருவி அதன்மேல் கத்தியிருந்தது. கழுத்துப் பட்டைக்குள் ஊசிமுனை ஒன்று இருந்தது. டெய்லர்கள் மெஷின்களை நிறுத்தினார்கள். ஓர் ஓட்டம் நின்றால் அடுத்ததும் நிற்கும். சற்று நேரத்தில் அந்த நீண்ட அறையில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“அண்ணா, இது எப்பிடிங்க பாஸாச்சு?” என்று கவின் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். “செக்கிங் யாருங்க?”

மயில்சாமி சீனியம்மாளைப் பார்த்தார். அவள் முன்னால் வந்தாள்.

“டிடெக்டர் சரியில்லன்னு நான் சொன்னம்லா மொதலாளி.”

கவின் திரும்பினான். “அப்பிடீங்களாண்ணா? டிடெக்டர் ஓகேதானுங்களே?”

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருந்தது. கருவியில் கோளாறு என்றால் ஒரு சட்டையோடு போகாது. அந்த வாரம் பெட்டியில் அடைத்த அனைத்தையும் பிரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்குப் போகும் லாரி போகாது. கருவி ஏன் கெட்டது என்ற கேள்வி வரும். ஓர் ஆளின் கவனக்குறைவு என்றால் அந்த ஒரு பெட்டியோடு முடிந்துவிடும். இவ்வளவையும் அவர் நினைத்தார் என்று சொல்வதுகூடச் சரியன்று. வாய் முந்திக்கொண்டது.

“ஓகேதானுங்க. பேட்டரிகூடப் புதுசு. அந்தம்மா கவனிக்காம உட்டுருக்குது.”

சீனியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. பிறகு ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கவின் அந்த ஒரு பெட்டியை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஊசி விட்டவள் என்ற பேச்சு அன்று மாலைக்குள் அந்தச் சாலையில் இருந்த எல்லா யூனிட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரோடு செக்கிங் வேலை யாரும் தரமாட்டார்கள்.

அடுத்து வந்த நாட்களில் மயில்சாமி முன்னைவிட அதிகமாக மரம் அறுத்தார். எஞ்சின் ஓடும்போது வேறெதுவும் கேட்காது என்பதே அதன் அனுகூலமாகிவிட்டது. ஆனால் இப்போது பலகையைப் புரட்டும்போது பழைய திடுக்கிடும் சந்தோஷம் வரவில்லை. ராபின் எஞ்சினை அணைத்தால் உடனே, “ஏப்பா, என்னாச்சு?” என்று பதறினார். இரவில் அந்தத் தொட்டில் கனவு வந்தது. இம்முறை குழந்தை அழவில்லை. அது இன்னும் பயங்கரமாக இருந்தது. அட்டையை எடுத்துக் கருவியை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பலமுறை கை சட்டைப்பைவரை போயிற்று. சோதித்தால் தெரிந்துவிடும். தெரியாதவரை அது வெறும் சந்தேகம்தான் என்று கையை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வாகையைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க வேண்டிய பருமன். உள்ளே கறுத்த வைரமும் வெளியே வெண்மையுமாக, மற்ற எல்லா மரத்தையும் மறக்கடிக்கப்போகிற மரம் என்று ராபின் சொல்லியிருந்தான். லாரிக்கான பெட்டிகள் அடைத்து முடிந்திருந்ததால் டிடெக்டர் தோப்பிலேயே இருந்தது. மயில்சாமி அதை எடுத்து அடிமுதல் நுனிவரை நகர்த்தினார். திருப்பிப்போட்டு மறுபுறமும் பார்த்தார். அது வாய் திறக்கவில்லை.

“சுத்தமா இருக்குதப்பா. தள்ளலாம்.”

அவரே தள்ளினார். பாதி தூரம்கூடப் போகவில்லை. முதலில் வந்தது சத்தமில்லை, ஓர் அதிர்ச்சி. கூண்டு முழுவதும் அவர் கைக்குள் துள்ளியது. பிறகு இரும்பின் அலறல். பிளேடு அறுந்து, கூண்டின் விளிம்பைத் தாண்டி ஒரு நுனி வெளியே வீசி, ராபினுடைய முன்கையைக் கீறிக்கொண்டு உள்ளே சுருண்டது. ராபின் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கையைப் பார்த்தான். இரத்தம் தூளின்மேல் சொட்டியது. மயில்சாமி துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

“ஆழமில்ல அண்ணாச்சி. நீங்க இருங்கோ, நீங்க விழுந்துருவிய போல இருக்கு,” என்றான் ராபின். பிறகு மரத்தின் அருகே குனிந்தான். “இதப் பாருங்கோ. மாடு கட்டுகதுக்கு அடிச்ச வளையத்துக்க முளை. பட்டைக்கு அடியிலேயே கெடக்கு. ஒங்க பெட்டி கத்தலியா?”

விரற்கடை ஆழம்கூட இல்லை. பெருவிரல் பருமன் உள்ள இரும்பு. அதைச் சுற்றி மரம் மை கொட்டியது போல நீலங்கறுத்திருந்தது. மயில்சாமி டிடெக்டரை எடுத்து அந்த இரும்பின்மேலேயே வைத்தார். விளக்கு எரிந்தது; சத்தமில்லை. சட்டைப்பையிலிருந்து அட்டையை உருவினார். மரத்தின்மேல் வைத்துக் கருவியை நகர்த்தினார். ஒன்றுமில்லை. மறுபடி நகர்த்தினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை நகர்த்தியபோது, தூக்கத்தில் முனகுவது போல ஒருதரம் மெல்லக் கத்திவிட்டு அடங்கியது.

சந்தேகம் என்ற நிழலில் அதுவரை ஒதுங்கி நின்றவருக்கு இனி அந்த நிழலும் இல்லை. அவள் சொன்னது சரி. அந்தப் பெட்டிகளுக்குள் இன்னும் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நாளை லாரி.

ராபினை ஆஸ்பத்திரியில் தையல் போட விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்று கவினுக்குப் போன் செய்தார்.

“கவினு, நாளைக்கு லாரி போகக் கூடாது. டிடெக்டர் கெட்டுக் கெடக்குது. அன்னிக்கே கெட்டுத்தான் இருந்துருக்கோணும்.”

“அண்ணா, என்னுங்கண்ணா இது? அன்னிக்கு ஓகேன்னீங்க.”

“பாக்காமச் சொல்லீட்டேன். அந்தம்மா சொன்னது நெசம்.”

கவின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பெட்டியப் பிரிச்சு மறுக்காப் பாத்துரலாமுங்க. சிப்மெண்ட் லேட்டானதுக்கு நான் வேற ஒரு காரணம் சொல்லிக்கறேன். ஆனா டிடெக்டர் கதை வெளிய வந்தா பையர் உங்களுக்கு இனி ஆர்டரே தரமாட்டாங்க. ஆருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க.”

அன்போடு திறந்துவிட்ட கதவு அது. அதன் வழியே போனால் குழந்தைகள் பிழைப்பார்கள், யூனிட்டும் பிழைக்கும். வெளியே நிற்கப்போவது ஒருத்திதான்.

“ஆருகிட்டயும் சொல்லாட்டியும் ஒருத்தருகிட்டச் சொல்லியாகோணுமப்பா,” என்றார் மயில்சாமி. “நீ யூனிட்டுக்கு வா. நானும் வந்தர்றேன்.”

சீனியம்மாள் குடியிருந்த லைன் வீடுகள் ஓடைக்கரையில் இருந்தன. வாசலில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து போட்ட பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். எழுந்த பிறகு ஏன் எழுந்தோம் என்பது போல மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மருதம்மாள் கையை நிறுத்தினாள்.

“டிடெக்டர் கெட்டுத்தாம்மா இருந்துச்சு,” என்றார் மயில்சாமி. நின்றுகொண்டே சொன்னார். “தோப்புக்குக் கொண்டுபோயி நாந்தான் தண்ணியில போட்டேன். நீ சொன்னப்ப நான் காதுல வாங்கல. அன்னிக்கு அவிய கேட்டப்ப, நான் பொய் சொல்லீட்டேன்.”

சீனியம்மாள் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. ஒரு நூலை வெட்டினாள். இன்னொன்றை வெட்டினாள்.

“தோப்புக்கு எதுக்கு மொதலாளி?”

“மரத்துக்குள்ள ஆணி பாக்க.”

மருதம்மாள் பக்கத்து வாசலிலிருந்து, “நல்லாப் பாத்தாரு போ,” என்றாள்.

சீனியம்மாள் சிரிக்கவில்லை. “எம் மவன் கேட்டான், நீ நெசமாவே கவனிக்காம உட்டுட்டியான்னு. எனக்கே சந்தேகம் வந்துட்டு மொதலாளி. பேட்டரிய நாந்தான் சரியா மாட்டலையோன்னு. ராத்திரிப் பூரா அந்தச் சட்டையவே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.” அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். “இங்க வந்து எங்கிட்டச் சொல்லுதீய. எம்பேரு இங்கயா கெட்டுச்சு?”

“இல்ல.”

“அப்பம் கெட்ட எடத்துல வச்சுல்லா சொல்லணும்.”

“அதுக்குத்தாம்மா கூப்புட வந்தேன்.”

அவள் மடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை உதறிவிட்டு எழுந்தாள். அவருடைய பைக்கில் ஏறவில்லை. நடந்தே வருவதாகச் சொன்னாள். அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு, அவளோடு வெயிலில் நடந்தார்.

யூனிட்டில் கவின் காத்திருந்தான். மயில்சாமி மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறிகளும் நிற்க, எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள். அவர் பேசப் பழகியவர் இல்லை. லைன் வீட்டு வாசலில் சொன்ன அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். தோப்பையும் தண்ணீரையும் பொய்யையும் விடாமல் சொன்னார். “பாஸ் பண்ணுனது அந்தம்மா இல்ல. நானு,” என்று முடித்தார். கவின் தரையைப் பார்த்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். தமிழ் தெரியாத பீகார்ப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்க, அவர் கிசுகிசுவென்று இந்தியில் விளக்கினார். அந்தக் கிசுகிசுப்பு முடியும்வரை மயில்சாமி நின்றுகொண்டேயிருந்தார்.

பிறகு கவின், சற்றுத் தயங்கி, தன்னுடைய கருவியை நீட்டினான். மயில்சாமி அதை வாங்கவில்லை, சீனியம்மாளைக் காட்டினார். அவள் அவனிடமிருந்து அதை வாங்கி, அட்டைக்காக மயில்சாமியிடம் கையை நீட்டினாள். நகர்த்தினாள். கத்தியது.

லாரிக்காக வாசலோரம் அடுக்கியிருந்த பெட்டிகளை உள்ளே இழுத்து வந்தார்கள். மயில்சாமி தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, டேப்பைக் கிழித்து, பாலிதீன் உறைகளைப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக மேலே நீட்ட, சீனியம்மாள் நின்றபடி அதன்மேல் கருவியை நகர்த்தினாள். அவர் விரல் நகங்களில் இன்னும் வாகைத்தூள் இருந்தது. துணியில் படாமலிருக்கக் கைகளைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள் சீனியம்மாள். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் பெட்டி தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. ஒன்றுமே இருக்காதோ என்று அவர் நினைக்கத் தொடங்கியபோது, கருவி கத்தியது.

சீனியம்மாள் அந்தச் சட்டையை உட்புறமாகத் திருப்பினாள். மஞ்சள் நிறம், மார்பில் ஒரு வாத்து. தோள்பட்டைத் தையலை நகத்தால் மெல்ல நெருடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, இரண்டு நூல்களைப் பிரித்து எதையோ விரல்நுனியில் ஒற்றி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், அந்த விரலை அவர் பக்கம் நீட்டினாள். மயில்சாமி வலது உள்ளங்கையை விரித்து, இடது கையை அதன் கீழே கொடுத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஏந்தினார்.